திருவண்ணாமலையில் சாரதாவின் வயிறு

சாரதா வீடியோ காலில் எனக்கு மலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு மேலாக இதுதான் நடந்தது. "இன்னிக்கு மேகம் எப்படி உக்காந்திருக்கு பாருங்க" என்பாள். திரையில் மலை இருக்கும், மேகம் இருக்கும், பக்கத்து மாடியில் யாருடையதோ ஒரு வேட்டி காய்ந்துகொண்டிருக்கும். அவள் முகம் மட்டும் இருக்காது. அண்ணாமலைமேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. ஆனால் மலேசியாவில், தைப்பிங்கில், மழை பிடித்துக்கொண்ட சாயங்காலத்தில், தனக்குத் தானே கோப்பி கலக்கிக் குடிக்கிற ஒரு கிழவன், பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத்தான் போனை எடுப்பான். மலை எங்கள் ஊரிலும் இருக்கிறது.

அப்புறம் ஒருநாள் அவள் எண்ணிலிருந்து வேறு குரல் வந்தது. சாரதா வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி, காஞ்சனா.

"அண்ணா, அக்கா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. மாசக்கணக்கா வயித்தால போவுது. நிக்கற மாதிரி நிக்குது, மறுபடியும் ஆரம்பிச்சிடுது. ஆளு பாதியா ஆயிட்டாங்க. மூணு தடவ டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணுமே இல்லன்னு வருது. நீங்க அந்த வேலைலதான இருந்தீங்களாம்? ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க."

'அந்த வேலை' என்று அவள் மரியாதையாகச் சொன்னதை நான் விளக்க வேண்டும். ஓய்வுபெறும்வரை ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் ஊரார் மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ரத்தத்தையும் சிறுநீரையும் மற்றவர்கள் பார்ப்பார்கள். வயிற்றுப்போக்கு என்று வந்தால் என் மேசைக்கு வரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கல்யாண வீடுகளில் என்ன உத்தியோகம் என்று யாராவது என்னைக் கேட்டால் மட்டும் சாரதா பேச்சை மாற்றிவிடுவாள்.

போனை வைத்ததும் பயமாக இருந்தது. பயத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இனி வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று சந்தோஷமாக இருந்தது.

அவள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டமாகக் கிளம்பிய கோயில் சுற்றுலா அது. மற்றவர்கள் பட்டுப்புடவையோடு திரும்பினார்கள். சாரதா ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். அந்த மாதம் நீண்டுகொண்டே போனது. விசா முடியும்போது தைப்பிங்குக்கு வருவாள். சொந்த வீட்டில் விருந்தாளிபோல இருந்து, டம்ளர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டுவிட்டு, மறுபடியும் போய்விடுவாள். "அம்மாவ விடுங்கப்பா" என்று சிங்கப்பூரில் இருக்கும் மகன் சொல்வான். போனில் வா வா என்று கூப்பிட்டதைத் தவிர நானும் விட்டுத்தான் இருந்தேன். படுக்கையில் அவள் பக்கம் கை போகாமல் தூங்குவதற்குத்தான் இன்னும் பழகவில்லை.

நான் போய் இறங்கியது பௌர்ணமி அன்று. நாள் பார்த்துக் கிளம்பும் பழக்கம் எனக்கு இல்லை. பெங்களூரிலிருந்து வந்த பஸ்ஸை ஊருக்கு வெளியே செங்கம் சாலையிலேயே நிறுத்திவிட்டார்கள். "இதுக்கு மேல போவாது, எறங்கிக்கோங்க" என்றார் கண்டக்டர். ஆட்டோவும் இல்லை. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது, நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும் எதிரே ஊரே நடந்து வந்துகொண்டிருந்தது. கிரிவலம் போகிறவர்கள் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். சாரதாவின் தெருவோ அவர்கள் வருகிற பக்கத்தில், ரமணாசிரமத்தை ஒட்டி இருந்தது. அத்தனை பேரும் வெறுங்காலோடு ஒரு பக்கம் போக, செருப்புப் போட்ட நான் ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம் போனேன்.

"இன்னா சார், எதிர்ல வர்றீங்க? மலைய அந்தப் பக்கம் உடக் கூடாது" என்று ஒருவர் மறித்தார்.

"பெண்டாட்டியப் பாக்கப் போறேங்க" என்றேன்.

அவருக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். "வழி உடுங்கப்பா, சாரு வீட்டுக்குப் போறாரு" என்று பின்னால் வந்தவர்களுக்குக் குரல் கொடுத்தார். வழி கிடைக்கவில்லை, ஆனால் அவர் குரல் கொடுத்தது ஆறுதலாக இருந்தது.

சாலை ஓரமெல்லாம் மோர், தண்ணீர், சுண்டல், சாம்பார் சாதம் என்று கேட்காமலேயே கையில் திணித்தார்கள். எங்கள் ஊர்த் தைப்பூசத்திலும் இப்படித்தான் கொடுப்போம். நான்தான் எந்த ஊரிலும் தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்க்கிறவன். எல்லோரையும் கும்பிட்டு மறுத்துக்கொண்டே போனேன். ஒரு அம்மாள் மட்டும் விடவில்லை. "அடுப்புல இருந்து இப்பதான் எறக்கினது, தைரியமா சாப்பிடுங்க" என்று பொங்கலைத் தொன்னையில் வைத்து நீட்டினார். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ தெரியவில்லை. நாக்கு சுடுகிற சூடாக இருந்ததால் நம்பிச் சாப்பிட்டேன். மிளகு தாராளமாகப் போட்டிருந்தார்கள், நன்றாக இருந்தது.

மாடியறைக் கதவைச் சாரதாதான் திறந்தாள். ரவிக்கையின் கைகள் தொளதொளவென்று தொங்கின. கன்னம் உள்ளே போயிருந்தது. "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். மலேசியாவில் எல்லோரும் அப்படித்தான் கேட்போம். அடுத்த வாக்கியத்திலேயே "கூட்டம் ரொம்ப ஜாஸ்தியா?" என்றாள். ஜாஸ்தி என்ற சொல்லை நான் அவள் வாயில் கேட்டதே இல்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள்.

ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி, மலையைப் பார்த்த ஒரு ஜன்னல். இவ்வளவுதான் அறை. தைப்பிங்கில் எங்கள் வீட்டில் மூன்று படுக்கையறைகள், மூன்றையும் நான்தான் கூட்டுகிறேன்.

அவள் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தேன். "மூணு தடவ பாத்தும் ஒண்ணும் கெடைக்கல. வா, போயிடலாம். நம்ம ஊருக்குப் பக்கத்துல ஈப்போவுல பெரிய ஸ்பெஷலிஸ்டா பாப்போம்."

"நீங்க ஒரு தடவ பாருங்க" என்றாள். "நீங்க பாத்தும் கெடைக்கலன்னா நான் உங்ககூட வந்துடறேன். திரும்பி இங்க வரல."

"கெடைச்சா?"

"மருந்து சாப்பிட்டுட்டு இங்கயே இருக்கேன்."

"அப்படி என்ன இருக்கு இங்க?"

"அங்க எனக்கு எல்லாமே இருக்கு. இங்க ஒரு ரூம்தான் இருக்கு" என்றாள். "ஆனா கதவத் தட்டிட்டுத்தான் உள்ள வர்றாங்க."

குத்திக்காட்டும் குரல் இல்லை, இருக்கிறதைச் சொல்கிற குரல். எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் சமையலறைக்குக் கதவே கிடையாது. என் அம்மா, என் தம்பிகள், மகன், நான் என்று யாராவது ஒருவர் அவளை எப்போதும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். ஆக, எனக்கு அவள் கொடுத்த வேலை இது: ஒழுங்காகச் செய்தால் தனியாகத் திரும்ப வேண்டும், சொதப்பினால் அவளோடு திரும்பலாம்.

மறுநாள் காலையில் காஞ்சனா இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள். இந்தப் பக்கத்து வயல்களில் நெல்லுக்கு அடுத்து வேர்க்கடலைதான். எங்களுக்கு வேர்க்கடலை என்றால் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலியோடு ஓரமாகக் கிடக்கும் சமாச்சாரம். இங்கே அதை அரைத்து மிளகாய் தாளித்துக் கொடுத்தபோது, இட்லிக்குத் தேங்காய் எதற்கு என்று தோன்றிவிட்டது.

வயிற்றுப்போக்கின் காரணத்தைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை கேள்வி கேட்பது. இட்லி சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தேன். ரத்தம் போகிறதா? இல்லை. சளி? இல்லை. காய்ச்சல்? ஒருநாளும் இல்லை. ஏப்பம்?

"வருது. அழுகின முட்டை மாதிரி."

"போறது தண்ணியில மிதக்குதா? பிசுபிசுன்னு ஒட்டுதா?"

"சாப்பிடறப்பதான் இதெல்லாம் கேப்பீங்களா?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைக் கேட்டுவந்த கேள்வி அது. ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்டதில் எனக்கு மேலும் இரண்டு இட்லி இறங்கியது.

வெளியே நின்ற காஞ்சனாவும் தன் பங்குக்கு ஒரு காரணம் சொன்னாள். "வெளிநாட்டுக்காரங்க கஃபேல அக்கா பச்சக் காயா தின்னாங்கண்ணா. அதான் ஒத்துக்கல." வேங்கிக்கால் ஆபீஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் படியில் நின்று, "அதெல்லாம் இல்ல, உடம்பு சூடு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். நான் எதையும் மறுக்கவில்லை. ரத்தமும் காய்ச்சலும் இல்லாமல், மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்து, ஆளை இப்படி இளைக்க வைத்தால் நான் பாக்டீரியாவையும் வைரஸையும் முதலில் சந்தேகப்பட மாட்டேன். அவற்றில் பெரும்பாலானவை வந்த வேகத்தில் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். குடலில் குடித்தனம் வைத்துத் தங்குவது ஒட்டுண்ணிகள்தான். ஆனால் ஒட்டுண்ணி என்றால் மூன்று தடவை பார்த்தும் ஏன் கண்ணில் படவில்லை?

லேப், செங்கம் சாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் புவனா. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். என் உத்தியோகத்தைச் சொன்னதும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஒரே தொழில்காரர்கள் சந்தித்தால் வருகிற சிநேகம் சீக்கிரமே வந்துவிட்டது. சரியாக வராத மாதிரிகள், லென்ஸில் பூக்கும் பூஞ்சை என்று இரண்டு நாட்டுக் குறைகளையும் பேசித் தீர்த்தோம்.

"உங்க வீட்டம்மா டெஸ்ட்ட நான் ஒழுங்காத்தான் சார் பாத்தேன்" என்றாள். "ஒண்ணுமே இல்ல. சும்மா இருக்கற கிருமிகூட அசையல. இவ்ளோ சுத்தமா நான் பாத்ததே இல்ல சார்."

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு உறுத்தியது. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனிதக் குடலில் சாதாரணக் கிருமிகள் சந்தைக்கடைபோல நெரிந்துகொண்டிருக்கும். ஒன்றுகூட அசையவில்லை என்றால் அது ஆரோக்கியம் இல்லை. யாரோ எதையோ கொண்டு எல்லாவற்றையும் கொன்றிருக்கிறார்கள். சாரதா மாத்திரை எதுவும் விழுங்கவில்லை என்று சத்தியம் செய்தாள்.

மறுநாள் காலை புது டப்பாவில் எடுத்து, ஈரம் போகத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, துணிப்பைக்குள் வைத்து என்னிடம் நீட்டினாள். கோயிலுக்குக் கொடுத்தனுப்புவதுபோல அவ்வளவு சுத்தம். பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். பினாயில் அடித்தது.

"சாரதா, இதுல என்ன ஊத்துன?"

"ரெண்டு சொட்டு பினாயில். நாத்தம் வரக் கூடாதுன்னு."

"முந்தி குடுத்த மூணு தடவையுமா?"

"ஆமா."

பினாயிலில் தரை துடைக்கிற லேபில் புவனாவுக்கு அந்த வாசம் தனியாகத் தெரிந்திருக்காது. எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "கிருமி இருக்கான்னு பாக்கறதுக்குக் குடுக்கற டப்பாவுல கிருமி மருந்த ஊத்தி அனுப்பியிருக்க. இத்தன வருஷம் லேப்காரன் பெண்டாட்டியா இருந்து இதுகூடவா தெரியல?"

"லேப்காரன் பெண்டாட்டியா இருந்ததாலதான் ஊத்துனேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க எத்தன நாள் வேலை முடிஞ்சு வந்து, சோத்தப் பாத்துட்டு எழுந்து போயிருக்கீங்க? மூக்குலயே நிக்குது சாரதா, எறங்கலன்னு சொல்வீங்க. ஆக்கி வெச்சத நான் தனியா உக்காந்து தின்னுருக்கேன். அந்தப் புவனா சின்னப் பொண்ணு. விடிய முன்ன எழுந்து சோறு கட்டிக்கிட்டு அவ்ளோ தூரத்துல இருந்து வருது. அந்தப் பொண்ணாவது மத்தியானம் நல்லா சாப்பிடட்டும்னு நெனச்சேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் சொன்ன அந்தச் சாப்பாட்டு மேசையில் இப்போது நான் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். எதிர் நாற்காலியில் பழைய செய்தித்தாள்கள் இருக்கின்றன. வேறு டப்பா வாங்கிவருகிறேன் என்று படியிறங்கிப் போய், தெருமுனையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

நான் சந்தேகப்பட்ட ஒட்டுண்ணி உயிரோடு நீந்துவதைப் பார்க்க வேண்டுமானால் மாதிரி இளஞ்சூடாக இருக்க வேண்டும், அரை மணிக்குள் லென்ஸுக்குக் கீழே போக வேண்டும். அடுத்த நாள் காலை சாரதா கொடுத்ததுமே ஓடினேன். லேப் பூட்டியிருந்தது. போன் செய்தால் புவனா பஸ்ஸுக்குள் இருந்தாள். முன்னால் போன நெல் லாரி சாய்ந்து சாலையை அடைத்துவிட்டதாம். "வந்துகினே இருக்கேன் சார்" என்றாள். அவள் வந்துகினே இருந்தாள். வெயில் ஏறியது. மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்த என் கையில் டப்பா ஆறிப்போனது. உண்மையில் எனக்கு அவசரமும் இல்லை. ஒருநாள் தள்ளிப்போனால் ஒருநாள் அவளோடு இருக்கலாம்.

அந்த ஒருநாள் சாயங்காலம் இருவரும் கட்டிலில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து ஜன்னல் வழியே மலையைப் பார்த்தோம். போன் திரையில் பார்த்ததைவிட அது அருகில் இருந்தது. கஞ்சி குடித்த களைப்பில் சாரதா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கனமே இல்லை. எனக்குத் தோள் மரத்துப்போனது, அசையவில்லை. இவளை இப்படியே தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று இருந்தது. ஏழு மணிக்குக் காஞ்சனா கதவைத் தட்டினாள், தட்டிவிட்டு வெளியேயே நின்றாள்.

மறுநாள் ஆட்டோ பிடித்தேன். டப்பா ஆறாமல் இருக்க அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பிரசாதமா சார்? கெட்டியா புடிச்சிக்கினு வர்றீங்க."

"இல்லப்பா, லேபுக்கு. வயித்தால போறவங்களோடது."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஹேண்டில்பாரின்மேல் படுத்துக்கொண்டு, தன் முதுகுக்கும் எனக்கும் முடிந்தவரை இடைவெளி விட்டு, நான் கேட்காத வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்கள் ஊர் டாக்சியில் நான் இவ்வளவு சீக்கிரம் எங்கேயும் போனதில்லை.

புவனா வெதுவெதுப்பான உப்புநீரில் ஒரு துளி கலந்து ஸ்லைடு போட்டாள். அதற்குள் ரத்தம் எடுக்க ஒருவர் வந்துவிட, "நீங்க பாத்துக்கினு இருங்க சார்" என்று அடுத்த அறைக்குப் போனாள். நான் குனிந்தேன்.

இந்தத் தடவை சந்தை நெரிசலாக இருந்தது. நடுவில் அதுவும் இருந்தது. பேரிக்காயை நீளவாக்கில் வெட்டிய உருவம், இரண்டு கண் வைத்ததுபோல இரண்டு உட்கரு, பின்னால் வால்கள். மரத்திலிருந்து உதிர்ந்த இலைபோல உருண்டு புரண்டு போய்க்கொண்டிருந்தது. நான் சந்தேகப்பட்ட ஒட்டுண்ணி, ஜியார்டியா. என் வாழ்நாளில் எத்தனை பேர் வயிற்றில் பார்த்திருப்பேன், பார்த்ததும் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிருக்கிறேன். அன்று மட்டும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அறையில் யாரும் இல்லை. கண்ணாடித் துண்டைத் துடைத்துப் போட்டுவிட்டு, இன்றைக்கும் ஒன்றும் இல்லை என்று சொன்னால் போதும். ஈப்போவில் எந்த டாக்டரும் ஒரு வாரத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார். ஒரு வாரம் கூடுதலாக அவள் கஷ்டப்படுவாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தைப்பிங்கில் சாயங்கால மழையை இரண்டு பேராகப் பார்க்கலாம். அடுத்த அறையில் ஊசிக்குப் பயந்தவரிடம் புவனா, "கண்ண மூடிக்கோங்க, முடிஞ்சிடுச்சு" என்று சொல்வது கேட்டது. அதற்குள் அந்த உருவம் ஓரத்துக்குப் போய்விட்டது, இன்னொன்று வந்தது. சாரதா இதோடு மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறாள்.

"புவனா, இங்க வந்து பாரும்மா" என்றேன்.

அவள் குனிந்து, "மூஞ்சி மாதிரியே இருக்குது சார், நம்மளப் பாக்குது" என்று சிரித்தாள்.

மாடியேறிப் போனபோது சாரதா ஜன்னலருகே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"கெடைச்சிடுச்சா?"

"கெடைச்சிடுச்சு."

"சொல்லாம இருந்திருக்கலாம்."

"ஆமா" என்றேன்.

என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கழுவிய கைதான், ஆனாலும் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

தெருக்கோடி டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்தார். குடல் ஆறும்வரை பாலை நிறுத்தச் சொன்னார். இரண்டொரு நாளிலேயே ஓட்டம் குறைந்தது, அப்புறம் நின்றது. சாரதா பசிக்கிறது என்று சொன்ன அன்றைக்குக் காஞ்சனா கேழ்வரகுக் களி கிண்டி, கீரை கடைந்து கொண்டுவந்தாள். சாரதா களியை உருட்டி உருட்டி விழுங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் உப்பி உப்பி இறங்கியது. ஒவ்வொரு உருண்டைக்கும் சந்தோஷமாகவும் இருந்தது, நான் தனியாக ஊர் திரும்பும் நாள் ஒரு படி கிட்டே வரவும் செய்தது.

எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் வரும். அவளோடு ஒரு காலை நடைக்குப் போனேன். மலை சுற்றும் பாதையில் ஒருவர் பெஞ்சு போட்டு அருகம்புல் சாறு விற்கிறார். சாரதாவும் இன்னும் நாலைந்து பேரும் தினமும் அங்கேதான் குடிப்பார்களாம். புல்லைக் கட்டோடு ஒரு வாளியில் முக்கி எடுத்து, அதே தண்ணீரில் கொஞ்சம் விட்டு அரைத்து, வடிகட்டிக் கொடுத்தார். தீயைக் காணாத பச்சைச் சாறு. பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேர் தங்களுக்கும் வயிறு சரியில்லை என்றார்கள்.

"வயித்துக்கு நல்லதுன்னு சொன்னாங்கன்னு, பேதி ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு டம்ளரா குடிச்சேன்" என்றாள் சாரதா.

"இந்தத் தண்ணியாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்று அந்த மனிதரிடம் சொன்னேன். "கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணியில அலசி அரைங்க. புல்லு எங்க வெட்டறீங்கன்னும் பாத்துக்கோங்க."

முகம் சுருங்கினாலும் அவர் சண்டைக்கு வரவில்லை. "இன்னா சார், நானும் இதத்தான் குடிக்கறேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "எனக்கும் அப்பப்ப போவும். உடம்பு சுத்தமாவுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று ஒப்புக்கொண்டார்.

"நான் இனிமே குடிக்கல, உக்கார மட்டும் வர்றேன்" என்று சாரதா சொன்னதும் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். அவளுடைய இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உட்கார்ந்ததும் யாரோ ஒருவருடைய மகள் கல்யாணம் எதுவரை வந்திருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு மலையைப் பார்த்தேன். அவளுக்கு இங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதில் எனக்கு வேலை எதுவும் இல்லை. அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏக்கம்தான் வந்தது.

மீதி நாட்களில் அவள் 'இருங்க' என்று ஒரு வார்த்தை சொல்வாளா என்று காத்திருந்தேன். கடைத்தெருவில் காத்திருந்தேன், கோயில் வரிசையில் காத்திருந்தேன், அவள் தோசை வார்க்கும்போது காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

கிளம்பும் நாளில் பஸ் நிலையம்வரை வருகிறேன் என்று புறப்பட்டாள். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் என் பையை நான் எடுப்பதற்குள் அவள் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் வந்த அன்றைக்குக் கதவைத் திறக்கவே சுவரைப் பிடித்தவள். இப்போது கூட்டத்துக்குள் புகுந்து, போர்டு படித்து, நடத்துநரிடம் ஜன்னல் ஓரம் கேட்டு, பையை மேலே ஏற்றி வைத்துவிட்டு, மூச்சு வாங்காமல் இறங்கிப் போய் என் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். என் வேலையை நான் எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன் என்று நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பால் குடிக்காத" என்றேன்.

"சரி."

"தண்ணி கொதிக்க வெச்சுக் குடி."

"சரி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க, ஒண்ணு கேக்கறேன். நான் இங்க வந்ததுல இருந்து எப்ப பேசினாலும் வா வான்னுதான் சொன்னீங்க. ஒருநாளாவது 'சாரதா, நான் அங்க வரட்டுமா'ன்னு கேட்டீங்களா? இனிமேலும் எனக்கு வயித்தால போனாத்தான் வருவீங்களா?"

டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "வர்றேன் சாரதா, சும்மாவே வர்றேன்" என்று சொன்னேன்.